பெயர் சொல்லித் தந்தவர்களுக்கு நன்றி

அன்புடையீர், வணக்கம்.

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்துப் பூர்வகுடிகளான ஹோ-சங்க் மக்களின் பழைய ஒளிப்படங்களைத் திரையிட்டு, மேடிசனில் எங்கள் வாசகர் வட்டம் நடத்திய மாலை நிகழ்ச்சி நல்லபடியாக முடிந்தது. வந்திருந்தவர்கள் எல்லாரும் என் கையைப் பிடித்துப் பாராட்டிவிட்டுப் போனார்கள். அதில் எனக்குச் சேர வேண்டிய பங்கு சொற்பம். மிச்சத்தை உரியவர்களிடம் சேர்ப்பிக்கவே இந்த மடல்.

வர இயலாதவர்களுக்காகச் சிறிது பின்னணி. விஸ்கான்சின் மாநிலத்தின் மேற்குப் பகுதியில் பிளாக் ரிவர் ஃபால்ஸ் என்று ஒரு சிற்றூர். சார்ல்ஸ் வான் ஷைக் அங்கே 1879 வாக்கில் படம் எடுக்கத் தொடங்கி, முதுமை வரை அதே ஊரில் ஸ்டூடியோ நடத்தினார். ஊராரின் கல்யாணம், கடைத்தெரு, குழந்தைகள் என்று எல்லாவற்றையும் எடுத்தார். சுற்றுவட்டாரத்தில் வாழ்ந்த ஹோ-சங்க் குடும்பங்களும் அவரிடம் வந்து காசு கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டன. காசு கொடுத்து என்பதைத்தான் அன்று மாலை முழுவதும் திரும்பத் திரும்பச் சொன்னேன். அதே காலத்தில் எட்வர்ட் கர்டிஸ் என்ற அமெரிக்க ஒளிப்படக் கலைஞர் பூர்வகுடிகளை அழிந்துவரும் இனமாகக் காட்டப் பாடுபட்டார். 1910-இல் எடுத்த ஒரு படத்தில் இரண்டு பேருக்கு நடுவே இருந்த கடிகாரத்தையே அழித்துவிட்டார். வான் ஷைக்கின் படங்களில் கோட்டும் கழுத்துப்பட்டையும் அணிந்த ஆண், மணிகள் கோத்த தோள்பையையும் மாட்டிக்கொண்டு நாற்காலியில் சாவகாசமாக உட்கார்ந்திருக்கிறார். எப்படித் தோன்ற வேண்டும் என்பது படத்தில் இருப்பவரின் முடிவு. கர்டிஸின் படங்கள் அழகுதான், மறுக்கவில்லை. எனக்குப் பிடித்தவை வான் ஷைக்கின் படங்கள்தான்.

ஹோ-சங்க் மக்களை 1873-74 குளிர்காலத்தில் படையினர் பிடித்து ரயிலேற்றி நெப்ராஸ்காவுக்கு அனுப்பினார்கள். அவர்களை விஸ்கான்சினிலிருந்து வெளியேற்றியது அது முதல் தடவையுமல்ல. பெரும்பாலோர் நடந்தும் ஒளிந்தும் திரும்பி வந்துவிட்டார்கள். 1875-இல் வந்த சட்டத்துக்குப் பிறகே 40 ஏக்கர் அளவில் சொந்த நிலம் எடுத்துக் குடியேற அவர்களுக்கு வழி பிறந்தது. அதுவும் மணல்பாங்கான நிலம். எனவே கிரான்பெர்ரி பறித்தும், கூடை முடைந்து விற்றும், பொறி வைத்து வேட்டையாடியும் காலம் தள்ளினார்கள். அத்தனைக்கும் பிறகு குடும்பத்தோடு உடுத்திக்கொண்டு ஸ்டூடியோவுக்கு வந்தவர்கள்தாம் இந்தப் படங்களில் இருப்பவர்கள்.

முதல் நன்றி விஸ்கான்சின் வரலாற்றுச் சங்கத்தின் காப்பகப் பணியாளர்களுக்கு. 1911 அக்டோபரில் அணை உடைந்து வந்த வெள்ளம் பிளாக் ரிவர் ஃபால்ஸின் கடைத்தெருவையே வாரிக்கொண்டு போனது. அப்படிப்பட்ட ஊரிலிருந்து வான் ஷைக்கின் ஆயிரக்கணக்கான கண்ணாடி நெகட்டிவ்கள் இன்று வரை பிழைத்திருக்கின்றன. நான் கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும், அபத்தமானவற்றுக்கும்கூட, முகம் சுளிக்காமல் பதில் தந்தார்கள்.

அடுத்து, நேரில் அறியாதவர்களுக்கு ஒரு நன்றி. ஹோ-சங்க் ஒளிப்படக் கலைஞர் டாம் ஜோன்ஸ், வரலாற்றாசிரியர் ஏமி லோன்ட்ரீ, வம்சாவளிகளை அறிந்த ஜார்ஜ் கிரீன்டியர் ஆகியோரும் அவர்களோடு உழைத்தவர்களும் 2011-இல் வெளியான தொகுப்பில் இந்த முகங்களுக்குப் பெயர் சேர்த்திருக்கிறார்கள். இது எளிய வேலையல்ல. ஒருவருக்குக் குலத்தின் வழியே ஒரு பெயர், ஆங்கிலத்தில் ஒரு பெயர், பிறந்த வரிசைப்படி இன்னொரு பெயர். தலைமகள் என்றால் ஹினு, தலைமகன் என்றால் குனு. வீட்டுக்கு ஒரு ஹினு இருக்கும் ஊரில் எந்த ஹினு இவர் என்று உறுதிசெய்ய, குடும்பத்தை உள்ளிருந்து அறிந்தவர்கள் வேண்டும்.

தம் பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட ஹோ-சங்க் மூதாட்டிக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. நான் படங்களை நகைக்கடைக்காரர் போலப் பார்த்துக்கொண்டிருந்தேன்: காது மடல் நெடுகத் தொங்கும் வெள்ளி, கழுத்தை மூடும் மணிமாலைகள், ரவிக்கை முழுதும் சின்னச் சின்ன வெள்ளி வில்லைகள். அவர் பொறுமையாக என்னைத் துணிப்பக்கம் திருப்பினார். பட்டு ரிப்பன்களை வெட்டி, மடித்து, ஒன்றன்மேல் ஒன்றாகத் தைத்த போர்வைக் கரை ஒன்றின்மேல் விரல்நுனியை ஓட்டி, ஒரு பக்கத்துக் கோலம் மறுபக்கத்தில் எப்படித் திரும்பி வருகிறது என்று காட்டினார். பிறகு வேறொரு படத்தைப் புரட்டி எடுத்து, அதே கரை அங்கே இன்னொரு பெண்ணின் தோளில் இருப்பதைக் கண்டுபிடித்தார். அக்காள் தங்கையாக இருக்கலாம், இரவல் வாங்கியதாகவும் இருக்கலாம் என்று சிரித்தார். உடனே பெயர்ப்பட்டியலை எடுத்துச் சரிபார்க்கத் தொடங்கிவிட்டார், காப்பி ஆறிப்போனது.

முதல் உலகப்போர்ச் சீருடையில் நிற்கும் இளைஞர்களின் படங்கள் வந்தபோது அவர் குரல் மாறியது. நாடு முழுவதும் பூர்வகுடிகள் எல்லாருக்கும் குடியுரிமை வழங்கிய சட்டம் 1924-இல்தான் வந்தது. இந்தப் பிள்ளைகள் அதற்கு முன்பே பிரான்சுக்குப் போய்வந்துவிட்டார்கள். அவர் இதைக் குறையாகச் சொல்லவில்லை. எனக்குத்தான் பொறுக்கவில்லை.

முன்பதிவு செய்திருந்த கூடம் கடைசி நேரத்தில் கைவிரித்தபோது தம் வீட்டு நிலவறையைத் திறந்துவிட்ட நண்பருக்கும், பனிக்காலத்தில் பிளாக் ரிவர் ஃபால்ஸ் வரை காரோட்டிய தம்பிக்கும், சுண்டல் கிண்டிய அக்காமார்களுக்கும் நன்றி. திரையருகே நின்று அத்தனை பெயர்களையும் தடுமாறாமல் வாசித்த பிள்ளைகளுக்குத் தனி நன்றி. பெற்றோர்கள் ஒத்திகை பார்த்திருப்பது தெரிந்தது.

ஒரு வேண்டுகோளும் உண்டு. அன்று பலர் திரையிலிருந்த படங்களைக் கைபேசியில் பிடித்துக்கொண்டதைப் பார்த்தேன். அவற்றை யாருக்காவது அனுப்பினால் படத்திலிருப்பவரின் பெயரையும் சேர்த்தே அனுப்புங்கள். அந்த அம்மா எங்களிடம் கேட்டுக்கொண்டது இது ஒன்றுதான். பெயர்ப்பட்டியல் என்னிடம் இருக்கிறது. கேட்பவர்களுக்கு அன்றே அனுப்பிவைக்கிறேன்.

இங்ஙனம்,
வாசகர் வட்டத்தின் சார்பில், உங்களில் ஒருவன்