பெரியவரை வீட்ல உக்கார வைக்காதீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

போன வாரம் வாசகர் கடிதத்துல ஒருத்தர் எழுதியிருந்தார், வயசான இருளருங்களையும் கை கால் சரியில்லாதவங்களையும் பாம்பு பிடிக்க, எலி பிடிக்க விடுறது பாவம், அரசாங்கம் தடுக்கணும்னு. நல்ல மனசோடதான் எழுதியிருக்கார், அதை ஒண்ணும் சொல்லல. ஆனா இதை எங்க ஊர் இருளர் பெரியவர் ஒருத்தர்கிட்ட படிச்சுக் காட்டினா வெத்தலையைத் துப்பிட்டு எழுந்து போயிடுவார்.

நான் செங்கல்பட்டு பக்கம் ரெண்டு ஏக்கர்ல நெல்லு வைக்கிறவன். பெரியவருக்கு எழுபது தாண்டியிருக்கும், சரியான வயசு அவருக்கே தெரியாது. வலது கையில ஆள்காட்டி விரல் கிடையாது, கண்ணாடி விரியன் கடிச்சது. ஊசி போட்டு உயிர் பொழச்சுது, ஆனா அந்த மருந்து லேட்டாப் போட்டா சதை அழுகுறதை நிறுத்தாதாம், விரலை எடுத்துட்டாங்க. ஒரு கண்ணுல புரை. முட்டி மடங்காது, வரப்புல உக்காரணும்னா கடப்பாரையை ஊனி ஒரு காலை நீட்டிக்கிட்டுத்தான் உக்காருவார்.

போன தை மாசம் அறுப்பு முடிஞ்சதும் பாத்தா வரப்பு பூரா எலி வளை. பேத்தியைக் கூட்டிட்டு வந்தார். நான் ரொம்பத் தெரிஞ்சவன் மாதிரி பெரிய வளையா ஒண்ணு காட்டினேன், அவர் குனிஞ்சு புறங்கையை அதோட வாய்ல ஒருதரம் ஓட்டிட்டு "இதுல ஒண்ணுமில்ல தம்பி, சிலந்தி கட்டியிருக்கு" ன்னுட்டார். எனக்கு ரெண்டு கண்ணும் நல்லாத்தான் இருக்கு, எனக்குத் தெரியல அந்த நூலு. நாலு அடி தள்ளி இன்னொண்ணு, விளிம்பு வழவழன்னு தேஞ்சு புது மண்ணு ஈரமா தள்ளிக் கெடந்துச்சு, இதுதான்னார். பேத்தி சுத்தி இருந்த பொந்தையெல்லாம் மண்ணு போட்டு அடைச்சுது. சட்டியில வைக்கோல் திணிச்சு கொளுத்தி, சட்டி வாயை வளையில வச்சு அழுத்திட்டு, அடியில இருக்க ஓட்டையில வாயை வச்சு அவரே ஊதினார், நடுநடுவுல இருமல் வேற. அரை மணி நேரத்துல பதினோரு எலி, உள்ள அதுங்க சேத்து வச்சிருந்த நெல்லு ரெண்டு படி. நெல்லும் எலியும் அவங்களுக்குத்தான், எங்க பக்கம் அதான் வழக்கம்.

பாம்புக்கும் இன்னும் போறார். என்ன, இப்ப கையை விடுறது மருமகன், தடம் பாத்து எந்தப் பொந்துன்னு சொல்றது இவர். மகாபலிபுரம் பக்கம் வடநெம்மேலியில 1978ல இருளர் பாம்பு பிடிப்போர் சங்கம் ஆரம்பிச்ச காலத்து ஆளு. 1972ல வனவிலங்கு சட்டம் வந்து, 1976ல பாம்புத் தோல் ஏற்றுமதியும் நின்னு போயி இவங்க பொழப்பு அத்துப்போச்சு, அதுக்கப்புறம் வந்ததுதான் சங்கம். நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நாலையும் வனத்துறை அனுமதிச்ச எண்ணிக்கைக்குப் பிடிச்சு, பானையில வச்சிருந்து சில வாரம் விஷம் எடுத்துட்டு திரும்பக் காட்டுல விட்டுடுவாங்க. நம்ம ஆஸ்பத்திரியில பாம்புக்கடிக்குப் போடுற ஊசிக்கு பெரும்பாலும் இங்க இருந்துதான் விஷம் போகுது. அதாவது இவர் பிடிச்ச பாம்போட விஷம் யாரோ ஒருத்தர் உயிரைக் காப்பாத்தியிருக்கும், இவர் விரலுக்கு மட்டும் நேரத்துக்கு வரல.

வயசாயிடுச்சு வேண்டாம்னு சொல்றவங்க 2017ஐ நெனச்சுப் பாக்கணும். மாசி சடையன், வடிவேல் கோபால்னு ரெண்டு இருளருங்க, ஒண்ணும் இளவட்டம் இல்ல, மலைப்பாம்பு பிடிக்க அவங்களை அமெரிக்காவுல புளோரிடாவுக்குக் கூப்பிட்டாங்க, அங்க போயி ரெண்டு வாரத்துக்குள்ள 13 பாம்பு, அதுல ஒண்ணு 16 அடி. 2023ல பத்மஸ்ரீ. அவ்ளோ பெரிய நாடு கண்ணுக்காகவும் மூக்குக்காகவும்தான் கூப்பிட்டுச்சு, ஓட்டப்பந்தயத்துக்கு இல்ல.

என் கோபம் வேற இடத்துல. பெரியவரை மாற்றுத்திறனாளி சர்டிபிகேட்டுக்குக் கூட்டிட்டுப் போனேன், ரெண்டு நாள் அலைஞ்சோம். 40 சதவீதம் இருந்தாத்தான் உதவித்தொகையாம், ஒரு விரல் போனதுக்கு அவ்ளோ வராதாம். புரைக்கு ஆபரேஷன் பண்ணிக்கலாமாம் அதனால அது கணக்குல சேராதாம், முட்டி வலி வயசானா வர்றதாம். எல்லாம் ரூல்படி சரியாத்தான் இருக்கும் போல, வெளிய வந்து டீக்கடையில உக்காந்தப்ப அவர் கையைத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு "இன்னும் ரெண்டு விரல் போயிருந்தா குடுத்திருப்பாங்களா தம்பி" ன்னு கேட்டார், என்ன பதில் சொல்றது.

அதனால தடுக்காதீங்க. கையால சுத்துற இரும்பு புகைப்பெட்டி இருக்கு, வாயால ஊத வேண்டாம், நெஞ்சுக்குள்ள புகை போகாது, அது ஒவ்வொரு குடும்பத்துக்கும் குடுங்க. அந்தக் கண்ணுக்கு ஆபரேஷன் பண்ணுங்க. பாம்புக்குப் போறவங்க கால்ல நல்ல பூட்ஸ் போடுங்க. சின்னப் பசங்களுக்குத் தடம் பாக்கக் கத்துத் தர்றதுக்கு இவரை மாதிரி ஆளுங்களுக்கு மாசச் சம்பளம் போட்டா இன்னும் நல்லது, இப்போதைக்கு அந்த ஒரு பேத்திதான் சிஷ்யை, அதுவும் ஸ்கூல் லீவுல மட்டும்.

போன வாரம் கடிதம் எழுதின நண்பர் ஒரு ஞாயித்துக்கிழமை வந்தா நானே கூட்டிட்டுப் போறேன். விடிய ஆறு மணிக்கெல்லாம் வந்துடணும், பெரியவர் யாருக்காகவும் காத்திருக்க மாட்டார்.

இப்படிக்கு,
ஒரு விவசாயி, செங்கல்பட்டு மாவட்டம்