பழைய இராணுவத் துவக்கு: துருவைத் துடைக்குமுன் பொறிப்பை வாசியுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

ரொறன்ரோவில் வசிக்கும் தன் தம்பி உரிய அனுமதிப்பத்திரத்துடன் ஏலத்தில் வாங்கிய பழைய இராணுவ றைபிள் ஒன்றைப் பற்றிக் கொழும்பு வாசகர் ஒருவர் தங்கள் ஞாயிறு இதழின் கேள்வி பதில் பகுதியில் கேட்டிருந்தார். துவக்கின் உலோகப் பகுதியில் 'நம்பர் 4 மார்க் 1 ஸ்டார், லோங் பிராஞ்ச், 1943' என்று பொறிக்கப்பட்டிருப்பதாகவும், முதலாம் உலகப் போரில் இலங்கைத் தோட்டத்துரைமார் படையினர் துருக்கியின் கலிப்பொலிக்குக் கொண்டுபோன துவக்கு அது என்று விற்றவர் உறுதியளித்ததாகவும் அவர் எழுதியிருந்தார். அதற்குத் தாங்கள் வெளியிட்ட பதில், துருவை நீக்கி, மரத்தை அரத்தாளால் தேய்த்து வார்னிஷ் பூசினால் அது அழகான பழம்பொருளாகும் என்று முடிந்திருந்தது. அந்த ஆலோசனையை அவர் தயவுசெய்து பின்பற்றக் கூடாது. கொழும்புப் பாடசாலை ஒன்றில் மாணவர் படையணிக்குப் பொறுப்பாசிரியராக இருந்த காலந்தொட்டு, 0.303 அங்குல ரவை இடும் 303 துவக்குகளின் பொறிப்புகளைக் கற்றுவருபவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

முதலில் விற்றவர் சொன்ன கதையைப் பார்ப்போம். தோட்டத்துரைமார் படையினர் 1914 இல் கொழும்பிலிருந்து எகிப்துக்குக் கப்பலேறி, 1915 இல் கலிப்பொலியில் இருந்தது உண்மை. ஆனால் நம்பர் 4 என்ற வகைத் துவக்கு அன்று பிறக்கவே இல்லை. அது இரண்டாம் உலகப் போர்க் காலத்தில்தான் பெருந்தொகையாகச் செய்யப்பட்டது. லோங் பிராஞ்ச் தொழிற்சாலை 1941 இலிருந்து அதைச் செய்து வெளியிட்டது. அந்தத் தொழிற்சாலை இருந்த இடமோ ரொறன்ரோவின் மேற்குப் புறம். அதாவது, தம்பி வாங்கிய துவக்கு அவர் குடியிருக்கும் நகரத்தின் அருகிலேயே உருவானது. அந்த உண்மை, விற்றவர் கட்டிய கதையை விட எவ்வளவோ மேலானது என்பது என் எண்ணம்.

கலிப்பொலிக் காலத்துத் துவக்கையும் இதையும் பிரித்தறிவது கடினமன்று. முந்தையது 'ஷோர்ட் மகசீன் லீ என்பீல்ட்' எனப்படும் வகை. அதன் குழல்முனை, மூக்குபோன்ற மொட்டையான இரும்புக் கவசத்துடன் ஏறத்தாழச் சமமாக முடியும். குறிபார்க்கும் பின்தகடு குழலின் மேல், கண்ணிலிருந்து தள்ளி இருக்கும். நம்பர் 4 இலோ குழல்முனை சற்று வெளியே நீண்டிருக்கும். பின்தகடு கண்ணுக்கு அருகே, போல்ட் (ரவையைக் குழலுக்குள் தள்ளிப் பூட்டும், கைப்பிடியுள்ள இரும்புத் தண்டு) ஓடும் உடற்பகுதியின் பின்புறத்தில், துளையுடன் அமைந்திருக்கும். இரண்டுக்குமே பத்து ரவைகள் கொள்ளும் ரவைக்கூடு. ஆகவே அதை மட்டும் எண்ணிப் பார்த்துக் காலத்தைச் சொல்லிவிட முடியாது.

பழைய வகையில் பொறிப்புகள் போல்ட் கைப்பிடிக்குக் கீழே, வலப்பக்கத்து இரும்புப் பட்டையில் இருக்கும்: முடி, மன்னரின் பெயரெழுத்து, செய்த நிறுவனம், ஆண்டு. வங்காளத்தின் இச்சாப்பூரில் செய்யப்பட்டவற்றில் பேரரசர் ஜோர்ஜைக் குறிக்கும் ஜீ.ஆர்.ஐ. என்ற எழுத்துகளும், இந்தியா விடுதலை பெற்றபின் அசோகச் சிங்க முத்திரையும் காணப்படும். அதே இச்சாப்பூரில் 1960களில் 7.62 மில்லிமீற்றர் ரவைக்கென்று செய்த 2ஏ, 2ஏ1 வகைகளைப் பலர் உலகப் போர்த் துவக்கு என்று நம்பி வாங்கிவிடுகிறார்கள். சதுரமான, பன்னிரண்டு ரவைகள் கொள்ளும் ரவைக்கூடு அவற்றைக் காட்டிக்கொடுக்கும். கைபர் கணவாய்ப் பக்கத்துப் பட்டறைகளில் கையால் செய்த போலிகளும் உண்டு. விக்டோரியா மகாராணியின் வீ.ஆர். எழுத்துகளுக்குக் கீழே 1901 க்குப் பிந்திய ஆண்டு பொறித்திருந்தால் அது போலி. மகாராணி அந்த ஆண்டு ஜனவரியிலேயே காலமாகிவிட்டார். இன்னொன்றும் கவனத்துக்குரியது. எப்.ரீ.ஆர். என்ற எழுத்துகளுக்குப் பக்கத்தில் காணும் ஆண்டு, தொழிற்சாலையில் முழுமையாகப் பழுதுபார்த்த ஆண்டே தவிரச் செய்த ஆண்டு அல்ல.

இனித் தம்பியின் துவக்குக்கு வருகிறேன். ரவை எதுவும் உள்ளே இல்லை என்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதிசெய்த பின், உடற்பகுதியில் உள்ள தொடரிலக்கமும் போல்ட் கைப்பிடியின் பின்புறத்தில் உள்ள இலக்கமும் ஒன்றா என்று பார்க்கவேண்டும். லோங் பிராஞ்ச் இலக்கங்களின் நடுவில் எல் என்ற எழுத்து வரும். அம்புக்குறியைச் சூழ்ந்த சீ எழுத்து கனேடிய அரசின் உடைமைக்குறி. இலக்கங்கள் ஒத்திருப்பது வெறும் சேகரிப்பாளர் ஆசை அல்ல. 303 ரவையின் அடிவிளிம்பு குழலின் வாயில் தங்குகிறது. போல்ட்டின் முகம் அதைப் பின்னிருந்து தாங்குகிறது. அந்த இடைவெளி 0.064 அங்குலத்துக்கும் 0.074 அங்குலத்துக்கும் இடையில் இருக்கவேண்டும். அதைச் சரிசெய்வதற்கென்றே நம்பர் 4 இன் போல்ட் முனையில் பொருத்தும் தலைகள் 0 முதல் 3 வரை இலக்கமிட்டு வெவ்வேறு நீளங்களில் செய்யப்பட்டன. வேறொரு துவக்கின் போல்ட்டை யாரோ இதில் பொருத்தியிருந்தால், இடைவெளி மிகுந்து, சுடும்போது ரவையின் வெற்றுக்கோது பின்பக்கம் பிளந்துபோகலாம்.

'மார்க் 1 ஸ்டார்' வகைக்கே உரிய பலவீனம் ஒன்றும் உண்டு. போல்ட்டைக் கழற்றுவதற்கு முந்திய வகையில் இருந்த சிறு பூட்டை எடுத்துவிட்டு, போல்ட் தலை ஓடும் தண்டவாளத்தின் முன்பகுதியில் ஒரு வெட்டை மட்டும் விட்டார்கள். உற்பத்தி விரைவானது, ஆனால் அந்த வெட்டின் விளிம்பு காலப்போக்கில் சிதறி உடைகிறது. உடைந்தால், போல்ட்டை இழுக்கும் வேளையில் அதன் தலை தடத்தைவிட்டு நழுவும். நல்ல வெளிச்சத்தில் வலப்பக்கத்தை உற்றுப் பார்த்தால் அந்த உடைவு வெறுங்கண்ணுக்கே தெரியும். குழலின் உட்புறத்தில் கறுத்த குழிகள் இருந்தால் அது பழைய ரவைகளின் வேலை: அவற்றின் அடியில் உள்ள தீமூட்டும் மருந்து (பிரைமர்) விட்டுச்சென்ற உப்பு ஈரத்தை இழுத்து இரும்பை அரிக்கும். எங்காவது டீ.பீ. என்று பொறித்திருந்தால் அது பயிற்சிக்கு மட்டும் ஒதுக்கிய துவக்கு, சுடுவதற்கு ஆகாது. இவை எதுவும் இல்லாவிட்டாலும், தகுதிபெற்ற துவக்குத் திருத்துநர் ஒருவர் அளவுகருவியால் சோதிக்கும்வரை அதில் ஒரு ரவையும் இடக்கூடாது.

மரத்தைத் தேய்ப்பதால் ஆகும் கேடு மீளாதது. அடிக்கட்டையில் ஆழமின்றிக் குத்தப்பட்ட பரிசோதகர் முத்திரைகளும் படைப்பிரிவு எழுத்துகளும் அரத்தாளின் முதல் நான்கு இழுப்பில் மறைந்துவிடும். அவற்றோடு துவக்கின் பெறுமதியில் பெரும்பகுதியும் போய்விடும். அழுக்கை மென்துணியால் துடைத்து, ஆளிவிதை எண்ணெயை மிகமெல்லியதாகப் பூசினால் போதும். போருக்குப் பின் வேட்டைக்காக முன்மரத்தை வெட்டிக் குறுக்கிய துவக்குகள் கனடாவில் ஏராளம். குழல் வெட்டப்படாமல் மரம் மட்டும் குறுக்கப்பட்டிருந்தால் மீட்க வழியுண்டு.

இலங்கையில் நிலைமை வேறு. 1916 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கத் துப்பாக்கிகள் கட்டளைச் சட்டத்தின்படி அனுமதிப்பத்திரம் இன்றித் துவக்கு வைத்திருப்பது குற்றம். பாட்டனார் பரணில் விட்டுப்போனது என்பது நியாயமாகாது. அப்படி ஏதும் கண்டால், தூக்கித் திரியாமல் பொலிஸாருக்கு அறிவிக்கவேண்டும். ஆனால் ஒப்படைக்கப்படும் துவக்குகளை வெட்டி உருக்குவதற்கு முன்பு, அவற்றின் இலக்கத்தையும் பொறிப்புகளையும், பின்மரத்தில் பித்தளைத் தட்டு இருந்தால் அதிலுள்ள படைப்பிரிவு எழுத்துகளையும், படமெடுத்துப் பதிந்துவைக்கும் ஒழுங்கு ஒன்று கட்டாயம் வேண்டும். நம் நாட்டுப் படைகளின் நூறாண்டு வரலாற்றில் ஒரு பகுதி அந்த இரும்பில்தான் எழுதப்பட்டிருக்கிறது. படமெடுக்கவும் எழுதிவைக்கவும் பெருஞ்செலவு ஆகாது. 1877 முதல் இயங்கிவரும் கொழும்பு தேசிய நூதனசாலையினரும் பாதுகாப்பு அமைச்சினரும் இதற்கான படிவம் ஒன்றைத் தயாரித்து நாட்டின் எல்லாப் பொலிஸ் நிலையங்களுக்கும் அனுப்பவேண்டும் என்று தங்கள் பத்திரிகை வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06.