பத்து மாத அட்வான்ஸ்: கையெழுத்துக்கு முன்பே பேச வேண்டியவை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

படிப்பை முடித்த நெல்லைப் பிள்ளைகள் வேலைக்குச் சென்னை கிளம்பும்போது, பெற்றோரைத் திணறடிப்பது வாடகையைவிட அட்வான்ஸ்தான். கிளாம்பாக்கம் பேருந்து முனையம் 2023 டிசம்பர் இறுதியில் திறந்தபின், ஊருக்கு வந்துபோக வசதி என்று வண்டலூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரியில் நம்மவர்கள் வீடு பார்க்கிறார்கள். சிறுசேரி வரை மெட்ரோ ஓடத் தொடங்கினால் ஓ.எம்.ஆர். (பழைய மாமல்லபுரம் சாலை) பக்கத்து வாடகை மேலும் ஏறும் என்பதே என் கணிப்பு.

20,000 ரூபாய் வாடகை வீட்டுக்குப் பத்து மாத அட்வான்ஸ் 2 லட்சம். சட்டம் சொல்லும் மூன்று மாதம் என்றால் 60,000. மிச்சம் 1,40,000 ரூபாயை நகையை வைத்து 12 சதவீத வட்டிக்குப் புரட்டினால் வருடத்துக்கு 16,800 ரூபாய் வட்டி. உண்மையான வாடகை மாதம் 21,400 ஆகிறது. புரோக்கர் கமிஷன் தனி.

2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ள தமிழ்நாடு வாடகைச் சட்டம் மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கூடாது என்கிறது. ஆனால் 'மாறான ஒப்பந்தம் இல்லாதபோது' என்ற வாசகமும் அதிலேயே இருக்கிறது. பத்து மாதம் என்று எழுதிய தாளில் கையெழுத்துப் போட்டால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். அரசு இந்த ஓட்டையை அடைக்க வேண்டும். அதுவரை, டோக்கன் பணம் கொடுக்கும் முன்பே பேரம் பேசுங்கள். கொடுத்தபின் பேச்சு எடுபடாது.

11 மாதத்துக்கு எழுதினால் பதிவு வேண்டாம் என்பது பழைய பழக்கம். இந்தச் சட்டப்படி எத்தனை மாத ஒப்பந்தமானாலும் எழுத்தில் இருக்க வேண்டும். வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். அரசின் இணையதளத்திலேயே விண்ணப்பிக்கலாம். பதிவெண் இல்லாத தாளோடு பின்னால் வழக்காடுவது பெரும்பாடு. வருடாந்திர உயர்வு எத்தனை சதவீதம், மெயின்டனன்ஸ் யார் பொறுப்பு, பெயின்ட் செலவுக்குப் பிடித்தம் உண்டா, எவ்வளவு என்பதையும் அதிலேயே எழுதச் சொல்லுங்கள். காலி செய்யும்போது சண்டை மூள்வது பெரும்பாலும் பெயின்டில்தான்.

கரண்டுக்குத் தனி சர்வீஸா (மின் இணைப்பு), பொது இணைப்பில் சப்மீட்டரா என்று கேளுங்கள். இரண்டு மூன்று வீடுகள் ஒரே சர்வீஸில் இருந்தால் யூனிட்டுகள் ஒன்றாகக் கூடி, கட்டணம் அதிகமான மேல் ஸ்லாபுக்குப் போகும். இலவச யூனிட்டுகளும் பங்காகிவிடும்.

குடியேறும் நாளிலேயே சுவர், குழாய், கதவு, மீட்டர் ரீடிங் எல்லாவற்றையும் படமெடுத்து உரிமையாளருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். காலி செய்யும் நாளில் சாவி கொடுத்ததற்கு எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள். பாக்கி போக மீதி அட்வான்ஸை அன்றிலிருந்து ஒரு மாதத்துக்குள் அவர் திருப்பித்தர வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர், பாளையங்கோட்டை