துரை வீட்டுக்கு ஒரு டிக்கெட்

பத்து காஜா, மலேசியா,
ஞாயிறு மாலை

அன்புள்ள செல்லம்மா,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. முட்டி வலியோடு கெல்லீஸ் கோட்டைப் படிகளை ஏறிவிட்டு வந்தேன் என்று எழுதினால் திட்டுவாயே என்றுதான் தள்ளிப் போட்டேன். இந்த ஊரில் முப்பது வருடம் குடியிருந்தும், கோப்பெங் போகிற பஸ் ஜன்னலிலிருந்து அதைப் பார்த்ததோடு சரி. பேரனுக்குப் பள்ளி விடுமுறை. கோட்டையில் பேய் உலாவுகிறதாம், பார்த்தே தீருவேன் என்று ஒற்றைக் காலில் நின்றான்.

நம் தோட்டத்துத் துரை பங்களா நினைவிருக்கிறதா? பள்ளிக்கூடம் விட்டு வரும்போது வேலியோரம் நின்று, உள்ளே ஆடும் வெள்ளைத் திரைகளைப் பார்ப்போமே. ஒருநாள் பந்து உருண்டு உள்ளே போய்விட, நீ வேலிக்கடியில் கையை விட்டாய். தோட்டக்காரர் தண்ணீர்க் குழாயை நம் பக்கம் திருப்பிவிட்டார். அந்தக் கேட்டைத் தாண்டாமலே கிழவிகளாகிவிட்டோம். இப்போது டிக்கெட் வாங்கிக்கொண்டு ஒரு துரையின் படுக்கையறை வரைக்கும் போய் வந்தேன், ஒருவரும் விரட்டவில்லை. ஆனாலும் வாசலில் கால் தயங்கியது. செருப்பைக் கழற்றக் குனிந்துவிட்டேன். பேரன் விழுந்து விழுந்து சிரித்தான்.

அந்தக் கோட்டைத் துரை வில்லியம் கெல்லி ஸ்மித் 1870-இல் ஸ்காட்லாந்தில் பிறந்தவர். இருபது வயதில் மலாயா வந்து, காடு அழித்து ரப்பர் நட்டு, ஈயத்திலும் இறங்கிப் பணம் சேர்த்தார். மகன் பிறந்த 1915-இல் இந்த மாளிகையைத் தொடங்கினார். மதராஸிலிருந்து எழுபது வேலையாட்கள் வந்தார்கள். செங்கல்லும் பளிங்கும்கூட இந்தியாவிலிருந்தே கப்பலேறின. ஆறு மாடிக் கோபுரம், அதற்குள் லிப்ட்! கட்டி முடித்திருந்தால் மலாயாவின் முதல் லிப்ட் அதுதான் என்கிறார்கள். 1926-இல் லிஸ்பன் போன மனிதர் நிமோனியா கண்டு அங்கேயே இறந்துபோனார். மனைவி ஆக்னஸ் சொத்தை விற்றுவிட்டார். வீடு பாதியில் நின்றது நின்றதுதான். லிப்டுக்கு விட்ட இடத்தில் எட்டிப் பார்த்தேன்: செங்கல் கிணறு, உள்ளே வௌவால் நாற்றம்.

வந்தவர்கள் பேச்செல்லாம் பேயும் சுரங்கப் பாதையும். எனக்குச் சுவர்தான் பிடித்தது. பூச்சில்லாத இடங்களில் செங்கல் வரிசை நூல் பிசகாமல் ஓடுகிறது. வளைவுகளில் ஒவ்வொரு கல்லையும் இம்மி இம்மியாகச் சாய்த்து அடுக்கியிருக்கிறார்கள். என் அப்பா நம் தொழிலாளர் குடியிருப்பு லயத்துப் பின்கட்டில் விறகு அடுக்குவாரே, அந்த நேர்த்தி. தடவிப் பார்த்தேன். குளிர்ந்து, சொரசொரவென்று இருந்தது. துரையின் பிள்ளைகள் ஹெலன், ஆண்டனி என்று பேரனுக்கே மனப்பாடமாகிவிட்டது. கட்டியவர்கள் மட்டும் வெறும் ‘எழுபது பேர்’.

வேலை நடக்கும்போதே ஸ்பானியக் காய்ச்சல் பரவி, அவர்களில் பலர் இறந்தார்கள். மிஞ்சியவர்கள் மாரியம்மனுக்குக் கோயில் கேட்க, ஸ்மித்தும் கட்டிக்கொடுத்தார். அம்மை வந்தாலும் காய்ச்சல் வந்தாலும் நமக்கு அவள்தானே. துரைக்கு அது புரிந்ததோ இல்லையோ, வேலை நின்றுவிடக் கூடாது என்பது புரிந்திருக்கும். (இதைச் சொன்னதற்கு, எதிலும் குற்றம் பார்க்காதே அம்மா என்று மகன் கடிந்துகொண்டான்.)

கோயில் கோட்டையிலிருந்து சற்றுத் தள்ளி இருக்கிறது. அங்கேயும் போனோம். கூரை மேலே சாமிகளோடு சாமியாக, வெள்ளை உடையும் தொப்பியுமாக ஒரு சிலை. ஸ்மித்தேதான் என்கிறார்கள், நன்றிக்காக வைத்தார்களாம். “இந்தச் சாமிக்கு மட்டும் ஏன் கிரீடம் இல்லை, பாட்டி?” என்று பேரன் கேட்டபோது, கன்னத்தில் போட்டுக்கொள்ளப் போன கையைப் பாதியில் நிறுத்தினேன். பிறகு அம்மனை நினைத்துப் போட்டுக்கொண்டேன். தொப்பிக்காரரும் தனக்குத்தான் என்று நினைத்திருப்பார், போகட்டும்.

நம் தோட்டத்து லயங்களை இடித்து எண்ணெய்க்காகச் செம்பனை நட்டுவிட்டார்களாம், உன் அண்ணன் சொன்னார். பங்களா மட்டும் கூரை சரிந்து நிற்கிறதாம்.

தைப்பூசத்துக்கு ஈப்போ குனோங் சீரோ முருகன் கோயிலுக்கு வருகிறாய் அல்லவா? இரண்டு நாள் சேர்த்து இருக்கிற மாதிரி வா. வெயில் ஏறுவதற்குள் மாரியம்மன் கோயிலையும் கோட்டையையும் பார்த்துவிட்டு, மகனின் காரிலேயே நம் தோட்டத்துப் பக்கம் போகலாம். வேலி இன்னும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

அன்புடன்,
மீனாட்சி