கணினி கற்பிக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்

திருகோணமலை மாவட்டத்துப் பாடசாலைகளிலும் தனியார் நிலையங்களிலும் கணினி கற்பிக்கும் ஆசிரியர்களுக்கு,

வணக்கம். உவர்மலையில் என் வீட்டு முன்னறையில் மாலை வேளைகளில் பிள்ளைகளுக்குக் கணினி சொல்லிக்கொடுக்கும் நான் உங்களிடம் கேட்பது ஒன்றே: செய்முறை வகுப்பின் முதல் வாரத்திலேயே, சுட்டியைத் தொடாமல் விசைப்பலகையால் மட்டும் ஒரு மென்பொருளை இயக்கப் பிள்ளைகளைப் பழக்குங்கள்.

என்னிடம் படிக்கும் மாணவி ஒருத்திக்கு வலக்கையில் நடுக்கம் உண்டு. முன்பு படித்த இடத்தில், சுட்டி அவள் நினைத்த இடத்தில் நில்லாமல் ஓடியதால், செய்முறை நேரம் முழுவதும் பக்கத்துப் பிள்ளை செய்வதைப் பார்த்துக்கொண்டிருக்கும்படி அவளை இருத்திவிட்டார்கள். அது எனக்கு இன்றும் ஆறாத வருத்தம். ஏனெனில் தீர்வு அந்தக் கணினிக்குள்ளேயே இருந்தது. விண்டோஸில் இடப்பக்க ஆல்ட், இடப்பக்க ஷிஃப்ட், நம்லொக் ஆகிய மூன்றையும் சேர்த்து அழுத்தி, திரையில் கேட்கும் கேள்விக்கு ஆம் என்றால், வலப்பக்க எண்விசைகளே சுட்டியாகிவிடும்: 8 மேலே, 2 கீழே, 4 இடம், 6 வலம், மூலை எண்கள் சாய்வாக, 5 ஒரு சொடுக்கு, 0 பொருளைப் பிடித்துக்கொள்ளும், புள்ளி விசை அதை விடும். இரு விசைகளை ஒருசேர அழுத்த முடியாதோர் ஷிஃப்டை ஐந்து முறை தட்டி அதற்கான வசதியைத் திறந்தால், கொன்ட்ரோலையும் அடுத்த எழுத்தையும் ஒன்றன்பின் ஒன்றாக அழுத்தலாம். இவற்றைப் பழகிய பின், விரிதாளில் இருந்த வரைபடம் ஒன்றை அவள் தானே இழுத்து இடம் மாற்றியபோது எனக்குக் கண் கலங்கியது.

சித்திரம் வரைவதற்குச் சுட்டியே வசதி என்பதை மறுக்கவில்லை. 1968இல் அமெரிக்கப் பொறியியலாளர் டக்ளஸ் எங்கல்பார்ட் தாம் உருவாக்கிய சுட்டியை மக்கள்முன் காட்டியபோதும், அவருடைய மறுகையின் கீழ் ஐந்து விசைகள் கொண்ட சிறு பலகை ஒன்று இருந்தது.

குறுக்குவிசைகளைப் பட்டியலாகக் கரும்பலகையில் எழுதி மனனம் செய்விக்க வேண்டாம். வேர்டில் ஆல்ட் விசையை ஒருமுறை அழுத்தினால் ஒவ்வொரு தலைப்பின்மேலும் ஓர் எழுத்துத் தோன்றும். அவ்வெழுத்துகளைத் தொடர்ந்து சென்றே பிள்ளை தனக்கு வேண்டிய கட்டளையை அடையலாம்.

மடிக்கணினிகள் பலவற்றில் எண்விசைத் தொகுதி இல்லையாதலால், கணினிக் கூடந்தோறும் முழு விசைப்பலகை ஒன்றேனும் இருக்கட்டும். இல்லாதோர் என்னிடமுள்ள இரண்டில் ஒன்றை இரவலாகப் பெற்றுக்கொள்ளலாம்.

இங்ஙனம்,
உவர்மலையிலிருந்து ஒரு கணினி ஆசிரியை