மலக்காலிலிருந்து, மாப்ளேக்கு

மாப்ளே,

உன் மெயில் வந்து ரொம்ப நாளாகிவிட்டது. திட்டுவதென்றால் இப்போதே திட்டி முடித்துவிடு, எழுத நிறைய இருக்கிறது. நான் சுகம். மலேரியாவுக்குத் தினமும் விழுங்கும் டாக்ஸிசைக்ளின்தான் வயிற்றைப் புரட்டுகிறது. அம்மாவிடம் உளறிவைக்காதே.

தெற்கு சூடானில் மழை பிடித்துவிட்டது. இந்த மலக்கால் மண் நம் ஊர்க் கரிசலேதான். காய்ந்தால் பாளம் பாளமாக வெடிக்கும், நனைந்தால் பூட்ஸைப் பிடுங்கி வைத்துக்கொள்ளும். சாலைகள் போயின. இனி ஹெலிகாப்டர், இல்லாவிட்டால் வெள்ளை நைலில் படகு.

எங்களுடையது ஐ.நா. அமைதிப்படைக் கணக்கில் லெவல் 2, அதாவது ஆபரேஷன் செய்ய வசதியுள்ள சின்ன மருத்துவமனை. ஒரு நாளைக்கு மூன்று நான்கு ஆபரேஷன், நாற்பது வெளிநோயாளிகள் வரை என்று ஏட்டில் இருக்கிறது. பாதி நாள் வருவதென்னவோ முதுகுவலியும் பல்வலியும் சேற்றுப்புண்ணும்தான். அன்றைக்கெல்லாம் மயக்க டாக்டரான எனக்கு ஆக்ஸிஜன் சிலிண்டர் எண்ணுவதும் வாலிபாலும்தான் வேலை. மெஸ் சாம்பாரைப் பற்றிக் கேட்காதே. நம் ஹாஸ்டல் மாமாவுக்குக் கோயில் கட்டலாம்.

சரி, பாம்புக்கு வருகிறேன். "ஏ.எஸ்.வி. வேண்டுமா, ஒரு பெட்டி அனுப்பட்டுமா" என்று பாம்பு விஷமுறிவு மருந்தைப் பற்றி மெயிலில் கேட்டிருந்தாயே, உன் தாராள மனசு வாழ்க. ஆனால் அனுப்பாதே. நம் மருந்து நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்குமானது. மாமல்லபுரம் பக்கம் வடநெம்மேலியில் இருளர்கள் கறந்து கொடுக்கும் விஷத்தை வைத்துச் செய்வது. இங்கேயும் சுருட்டை விரியன் உண்டு, பார்த்தால் நம்மூர்க்காரன் போலவே இருப்பான். ஆனால் இனம் வேறு, விஷமும் வேறு. நம் குப்பியை நம்பி ஆப்பிரிக்காவில் போட்டுப் பார்த்த இடங்களில் சாவு கூடிவிட்டது என்று கானாவிலிருந்தும் சாடிலிருந்தும் எழுதியிருக்கிறார்கள். ஆயிரம் விரியன் கடி பார்த்த கை என்று பீற்றிக்கொள்வாயே, அந்தக் கையோடு வந்தால் இங்கே நீயும் கம்பவுண்டர்தான்.

போன வாரம் ராத்திரி இடம்பெயர்ந்தவர்கள் முகாமிலிருந்து ஒரு சிறுமியைத் தூக்கி வந்தார்கள். விறகு பொறுக்கப் போன இடத்தில் கடி. நாங்கள் முதலில் ஐ.நா. ஆட்களுக்குத்தான், மற்றவர்களை உயிர் போகும் நிலையில் மட்டும் எடுப்போம். ஈறில் ரத்தம் கசிந்துகொண்டிருந்ததால் யாரும் விதியைத் தேடவில்லை. இரண்டு மில்லி ரத்தத்தைக் கண்ணாடி டியூபில் விட்டு, ஆட்டாமல் இருபது நிமிடம். சாய்த்தேன். உறையாமல் தண்ணீராக ஓடியது, விரியன் விஷத்தின் வேலை. ஆப்பிரிக்க மருந்து கையிருப்பில் இருந்தது, ஏற்றினோம். ஆறு மணி நேரம் கழித்து மறுபடி சாய்த்தபோது உறைந்து அப்படியே நின்றது. அவள் அம்மா கிழங்குக் குச்சி மாதிரி ஒல்லி. விடியும்வரை கட்டில் காலைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள்.

அதிலிருந்து எனக்கு இதே யோசனை. ஃபேவ்-ஆஃப்ரிக் என்று பத்து ஆப்பிரிக்கப் பாம்புகளுக்குக் கேட்கும் ஒரு மருந்து இருந்தது. லாபமில்லை என்று 2014-இல் தயாரிப்பை நிறுத்தினார்கள், கடைசிக் குப்பிகள் 2016-இல் காலாவதி. உலக சுகாதார நிறுவனம் பாம்புக்கடியைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்ப் பட்டியலில் சேர்த்ததே 2017-இல்தான். கடிபடுகிறவன் கையில் காசில்லை, வேறென்ன காரணம்? இப்போது நம் நாட்டிலேயே ஆப்பிரிக்கப் பாம்புகளுக்கென்று மருந்து செய்கிறார்கள். அதுவும் சரியான குப்பி, சரியான நேரத்தில், இந்தச் சேற்றைத் தாண்டி வர வேண்டும். எங்கள் வேலிக்கு வெளியே, படகில் இரண்டு நாள் தொலைவில் இருக்கிறவளுக்கு யார் ஏற்றுவது? இதை எழுதும்போது கோபம்தான் வருகிறது.

அப்புறம், உன் வார்டில் டெஸ்ட் டியூபை எதில் கழுவுகிறார்கள் என்று பார். சோப்புத்தூள் பட்ட டியூபில் நல்ல ரத்தமும் உறையாது, வீணாக ஏ.எஸ்.வி. ஏற்றுவாய். பிளாஸ்டிக்கும் கூடாது. நம் குண்டுவின் கல்யாணத்துக்கு என் பங்கையும் நீயே மொய் எழுதிவிடு. எனக்குத் தர வேண்டிய ஹாஸ்டல் பாக்கியில் கழித்துக்கொள்.

உன்,
ஊசி