மார்ச் மாதத்திலேயே முடிந்துவிடும் தேர்தல்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்க மாநில ஆளுநர்கள் சந்திக்கும் உட்கட்சிப் போட்டிகளைப் பற்றிச் சென்ற இதழில் வெளியான கட்டுரையைப் படித்தேன். டெக்சாஸ் ஆளுநர் கிரெக் அபாட் 2022ஆம் ஆண்டு பிரைமரிக்கு (கட்சியின் வேட்பாளர் யார் என்பதை வாக்காளர்களே முடிவுசெய்யும் உட்கட்சி வாக்கெடுப்புக்கு) முன்பு தம் குடியரசுக் கட்சியின் தீவிரப் பழமைவாத வாக்காளர்களைத் திருப்திப்படுத்த எடுத்த நடவடிக்கைகளைக் கட்டுரையாளர் வரிசையாகச் சொல்லியிருக்கிறார். அந்த வரிசையில் எனக்குக் குறை எதுவும் தென்படவில்லை. ஆனால் அவையெல்லாம் தேர்தல் கால நாடகம், வாக்கெடுப்பு முடிந்ததும் பந்தலோடு சேர்த்துப் பிரிக்கப்படுபவை என்று அவர் முடித்திருப்பதுதான் உறுத்துகிறது. டல்லஸுக்கு வடக்கே பிளேனோ நகரில் நெடுநாளாகக் குடியிருந்து, அந்தப் பிரைமரியில் வாக்கும் அளித்தவன் என்ற முறையில் சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன்.

முதலில் வாசகர்களுக்கு ஒரு விளக்கம். ஆளுநர் என்றதும் நமக்கு நினைவுக்கு வருபவர் டெல்லியிலிருந்து அனுப்பப்படுபவர். அமெரிக்காவில் அவர் மக்களால் நேரடியாகத் தேர்ந்தெடுக்கப்படுபவர். பொறுப்பில் ஏறக்குறைய நம் முதலமைச்சருக்கு நிகரானவர். டெக்சாஸில் அவர் எத்தனை முறை வேண்டுமானாலும் போட்டியிடலாம். அங்கே 1994க்குப் பிறகு மாநிலம் தழுவிய எந்தப் பதவியையும் ஜனநாயகக் கட்சி வென்றதில்லை என்பதால், நவம்பர் பொதுத்தேர்தலைவிட, குடியரசுக் கட்சி தன் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் மார்ச் மாதப் பிரைமரிதான் பதவியில் இருப்பவரைத் தூங்கவிடாது.

அபாட்டின் தூக்கம் கெடத் தொடங்கியது 2020 ஜூன், ஜூலை மாதங்களில். கொரோனா பரவல் ஏறியபோது அவர் பொது இடங்களில் முகக்கவசத்தைக் கட்டாயமாக்கினார், மதுக்கூடங்களை மூடினார். அவருடைய சொந்தக் கட்சியின் கவுண்டி (நம் மாவட்டம் போன்றது) கிளைகள் பல அவருக்கு எதிராகக் கண்டனத் தீர்மானம் போட்டன. அக்டோபரில், மாநிலக் கட்சித் தலைவராக இருந்த ஆலன் வெஸ்ட்டே ஆஸ்டினில் ஆளுநர் மாளிகையின் முன் நடந்த ஆர்ப்பாட்டத்தில் கலந்துகொண்டு தம் கட்சி ஆளுநருக்கு எதிராகப் பேசினார். ஒரு கட்சித் தலைவர் தம் கட்சி ஆட்சியின் வாசலில் நின்று கோஷம் போடுவதை நம் ஊரில் கற்பனை செய்து பாருங்கள். அடுத்த ஆண்டு வெஸ்ட்டும், முன்னாள் மாநில செனட்டர் டான் ஹஃபைன்ஸும் ஆளுநர் பதவிக்கே போட்டியில் இறங்கினார்கள்.

டெக்சாஸ் சட்டமன்றத்தின் வழக்கமான கூட்டத்தொடர் ஒற்றைப்படை ஆண்டுகளில் மட்டும், 140 நாள்களுக்குத்தான் நடக்கும். ஆகவே 2022 மார்ச்சுக்குள் வாக்காளர்களிடம் காட்ட வேண்டியதை 2021லேயே முடித்தாக வேண்டும். அந்த ஆண்டு மார்ச்சில் முகக்கவசக் கட்டாயம் நீங்கியது. மே மாதம், கருவுற்று ஏறத்தாழ 6 வாரங்களுக்குப் பிந்தைய கருக்கலைப்பைத் தடைசெய்து, அதற்கு உதவியவர்மீது எந்தக் குடிமகனும் வழக்குத் தொடரலாம் என்று சொல்லும் சட்டத்தில் அவர் கையெழுத்திட்டார். ஜூனில், உரிமம் இல்லாமலே பொது இடங்களில் கைத்துப்பாக்கி ஏந்திச் செல்லலாம் என்ற சட்டம் வந்தது. மெக்சிகோ எல்லையில் மாநிலமே சுவர் கட்டும் என்று அறிவித்து 25 கோடி டாலர் முன்பணமும் ஒதுக்கப்பட்டது. வழக்கமான தொடர் போதாமல் மூன்று சிறப்புக் கூட்டத்தொடர்களும் கூட்டப்பட்டன.

இவை ஒருபுறம் இருக்க, அந்த ஆண்டின் பிற்பகுதியில் நடந்த இரண்டு சிறிய சம்பவங்கள்தான் எனக்கு அதிகம் சொல்கின்றன. ஆகஸ்ட் இறுதியில், பால்புதுமை இளைஞர்களுக்கான உதவித் தகவல்கள் அடங்கிய ஓர் இணையப் பக்கம் மாநிலக் குழந்தைகள் நலத்துறையின் தளத்தில் இருப்பதைக் காட்டி ஹஃபைன்ஸ் ஒரு காணொளி வெளியிட்டார். சில மணி நேரத்தில் அந்தப் பக்கம் காணாமல் போனது. அதே ஆகஸ்டில், தடுப்பூசி விஷயத்தில் தனியார் நிறுவனங்கள் தங்கள் தொழிலை எப்படி நடத்த வேண்டும் என்று அரசு சொல்லத் தேவையில்லை என்பது ஆளுநர் அலுவலகத்தின் நிலைப்பாடாக இருந்தது. அக்டோபர் 11 அன்று, தனியார் நிறுவனங்கள் உட்பட எவரும் தடுப்பூசியைக் கட்டாயமாக்கக் கூடாது என்று ஆளுநரே ஆணை பிறப்பித்தார். டெக்சாஸைத் தலைமையிடமாகக் கொண்ட அமெரிக்கன், சவுத்வெஸ்ட் ஆகிய இரு பெரிய விமான நிறுவனங்கள் தடுப்பூசியைக் கட்டாயமாக்கும் கூட்டாட்சி அரசின் விதியையே பின்பற்றப்போவதாகச் சொல்லிவிட்டன. தொழிலதிபர்களின் கட்சி என்று பெயர் எடுத்த ஒரு கட்சியின் ஆளுநர், இரண்டு மாத இடைவெளியில் தொழிலதிபர்களுக்கே உத்தரவிடும் நிலைக்கு வந்தது தற்செயல் என்று நான் நம்பவில்லை.

இத்தனைக்கும் டொனால்ட் டிரம்ப் 2021 ஜூனிலேயே அபாட்டை ஆதரித்துவிட்டார். அபாட்டின் கையிருப்பில் 6 கோடி டாலருக்கு மேல் தேர்தல் நிதியும் இருந்தது. பிறகு ஏன் இந்தப் பதற்றம் என்று கட்டுரையாளர் கேட்கிறார். டெக்சாஸ் பிரைமரியில் யாரும் பாதிக்கு மேல் வாக்குப் பெறாவிட்டால் முதல் இருவரும் மே மாதம் இரண்டாம் சுற்றில் மோத வேண்டும் என்பதுதான் என் விடை. முதல் சுற்றுக்கு வருபவர்களே குறைவு. இரண்டாம் சுற்றுக்குக் கொள்கைப் பிடிப்பு மிகுந்தவர்களே வருவார்கள். அதே ஆண்டில் மாநில அட்டர்னி ஜெனரல் (அரசின் தலைமை வழக்கறிஞர்) கென் பாக்ஸ்டன் சுமார் 43 விழுக்காடு மட்டுமே பெற்று இரண்டாம் சுற்றுக்குத் தள்ளப்பட்டார் என்பதிலிருந்தே அந்த அச்சம் வெறும் பிரமையல்ல என்று தெரியும். அபாட் 66 விழுக்காட்டுக்கு மேல் பெற்றுத் தப்பினார். வெஸ்ட்டுக்கும் ஹஃபைன்ஸுக்கும் தலைக்கு 12 விழுக்காடு அளவில் கிடைத்தது. இந்தக் கணக்கைப் பார்த்துத்தான் கட்டுரையாளர் 'பூச்சாண்டிக்குப் பயந்த ஆளுநர்' என்று எழுதுகிறார். எனக்கோ, அந்த 66 எப்படி வந்தது என்பதே கேள்வி.

இப்போது நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். 2022 பிப்ரவரியில், முன்கூட்டியே வாக்களிக்கும் நாள்களில், எங்கள் பகுதி நூலகத்துக்குப் போனேன். டெக்சாஸில் வாக்காளர் பட்டியலில் கட்சி குறிக்கப்படுவதில்லை. மேசையில் இருப்பவர் எந்தக் கட்சியின் வாக்குச்சீட்டு வேண்டும் என்று கேட்பார், நாம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பின்னால் நிற்கும் பக்கத்து வீட்டுக்காரருக்கும் அது கேட்கும். நான் எந்தக் கட்சியையும் சேர்ந்தவன் அல்லன். நவம்பரில் பல முறை மாற்றி மாற்றி வாக்களித்திருக்கிறேன். ஆனாலும் குடியரசுக் கட்சிச் சீட்டையே கேட்டேன், முடிவு அங்கேதான் எழுதப்படுகிறது என்பதால். வேட்பாளர் பெயர்களையெல்லாம் கடந்த பிறகு, திரையில் பத்துக் கேள்விகள் வந்தன, ஆம் அல்லது இல்லை என்று அழுத்துவதற்கு. எல்லையை மூடப் படையை அனுப்ப வேண்டுமா, பத்தாண்டுக்குள் சொத்து வரியை அடியோடு ஒழிக்க வேண்டுமா, தடுப்பூசியை மறுத்தவர் வேலை இழக்காமல் பாதுகாக்கப்பட வேண்டுமா, சட்டமன்றக் குழுத் தலைமைகளை எதிர்க்கட்சியினருக்குத் தருவதை நிறுத்த வேண்டுமா, சிறார்களுக்கான பாலினமாற்றச் சிகிச்சையைத் தடை செய்ய வேண்டுமா, பள்ளி நிதி மாணவனைத் தொடர்ந்து தனியார் பள்ளிக்கும் செல்ல வேண்டுமா என்று போகும். இவற்றுக்குச் சட்ட வலு எதுவும் இல்லை. கட்சி தன் வாக்காளரிடம் எடுக்கும் கருத்துக் கணிப்பு மட்டுமே. நாடகம் என்ற சொல் பொருந்தும் இடம் இருந்தால் அது இதுவாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

ஆனால் நடந்ததைப் பாருங்கள். பாலினமாற்றச் சிகிச்சை பெறும் சிறார்களின் பெற்றோரைக் குழந்தைக் கொடுமைக்காக விசாரிக்கும்படி பிப்ரவரி 22 அன்று, மக்கள் வாக்களித்துக்கொண்டிருந்த அதே நாள்களில், அபாட் கடிதம் எழுதினார். 2023 ஜூனில் அந்தச் சிகிச்சைக்கே தடை சட்டமானது. தடுப்பூசியைத் தனியார் முதலாளிகள் கட்டாயமாக்கக் கூடாது என்ற சட்டம் அதே ஆண்டு நவம்பரில் வந்தது. எதிர்க்கட்சியினர் குழுத் தலைவர்களாக இருக்க முடியாது என்று 2025 ஜனவரியில் சட்டமன்றத்தின் கீழவை தன் விதியையே மாற்றிக்கொண்டது. ஹஃபைன்ஸும் வெஸ்ட்டும் தோற்றார்கள். அவர்கள் ஏந்திய பட்டியல் தோற்கவில்லை.

பள்ளி நிதிக் கதை இன்னும் கூர்மையானது. 2023 நவம்பரில் தனியார் பள்ளிகளுக்கு அரசு நிதி அளிக்கும் திட்டத்தைக் கீழவை 84-க்கு 63 என்ற வாக்கில் மசோதாவிலிருந்து நீக்கியது. ஆளுநரின் கட்சியைச் சேர்ந்த 21 பேர், பெரும்பாலும் சிற்றூர்த் தொகுதிகளைச் சேர்ந்தவர்கள், அவருக்கு எதிராக நின்றார்கள். தங்கள் ஊரில் அரசுப் பள்ளிதான் பள்ளி என்பது அவர்களுடைய வாதம். அபாட் 2024 பிரைமரியில் அவர்களை எதிர்த்து நின்றவர்களுக்காக ஊர் ஊராகப் பிரசாரம் செய்தார். மீண்டும் போட்டியிட்டவர்களில் பலர் வீழ்ந்தார்கள். 2025 மே 3 அன்று 100 கோடி டாலர் திட்டம் கையெழுத்தானது. 2022இல் தம்மைப் பயமுறுத்திய அதே பிரம்பை, இரண்டே ஆண்டுகளில் அவர் கையில் எடுத்துக்கொண்டார் என்றே நான் படிக்கிறேன். எதிரிகளுக்கு அஞ்சி வளைந்தார் என்ற கட்டுரையின் சித்திரத்தில் இந்த இரண்டாம் பாகம் இல்லை.

ஜார்ஜியா மாநில ஆளுநர் பிரையன் கெம்ப்பைக் கட்டுரையாளர் எதிர்மாதிரியாகக் காட்டியதையும் அரைமனத்துடனேயே ஏற்கிறேன். 2020 தேர்தல் முடிவை மாற்றும்படி டிரம்ப் நெருக்கியபோது கெம்ப் மறுத்தார், டிரம்ப் நிறுத்திய டேவிட் பெர்டியூவை 2022 மே பிரைமரியில் ஏறக்குறைய 74 விழுக்காடு பெற்று மண்ணைக் கவ்வ வைத்தார். உண்மை. ஆனால் வாக்கெடுப்புக்கு ஆறு வாரங்களுக்கு முன்பு உரிமமற்ற துப்பாக்கிச் சட்டத்தில் கையெழுத்திட்டவரும் அவர்தான். ஒரே ஒரு இடத்தில் மறுப்பதற்கு, மற்ற இடங்களிலெல்லாம் இசைந்து அவர் இடம் தேடிக்கொண்டார்.

டெக்சாஸில் அந்த ஆண்டு பதிவான வாக்காளர்கள் சுமார் 1 கோடியே 72 லட்சம் பேர். குடியரசுக் கட்சிப் பிரைமரிக்கு வந்தவர்கள் சுமார் 19 லட்சத்து 50 ஆயிரம் பேர். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. வராதவர்களில் என் நண்பர்கள் பாதிப்பேர் அடக்கம். 'பொதுத்தேர்தல் வரட்டும், பார்த்துக்கொள்ளலாம்' என்றார்கள். நவம்பரில் அபாட் ஜனநாயகக் கட்சி வேட்பாளர் பெட்டோ ஓரூர்க்கை ஏறக்குறைய 11 விழுக்காட்டுப் புள்ளி வித்தியாசத்தில் வென்றபோது பார்த்துக்கொள்ள அதிகம் மிஞ்சியிருக்கவில்லை.

அந்தப் பத்தில், சொத்து வரியை ஒழிப்பது பற்றிய இரண்டாம் கேள்விக்கு மட்டும் இன்னும் முழு விடை வரவில்லை. ஒவ்வோர் ஏப்ரலிலும் அந்த வரிக்காக வீட்டின் புதிய மதிப்பைச் சொல்லும் அறிவிப்பு எங்கள் தபால் பெட்டியில் விழத்தான் செய்கிறது. ஆனால் நான்காம் முறை போட்டியிடுவதாக 2025 நவம்பரில் அபாட் அறிவித்தபோது, வீட்டு உரிமையாளர்கள் பள்ளிகளுக்காகக் கட்டும் சொத்து வரியை ஒழிப்பதையே முன்னிறுத்தினார். அந்த வரி போனால் பள்ளிகளுக்குப் பணம் எங்கிருந்து வரும் என்று இன்று நான் கவலைப்படுகிறேன். 2022 பிப்ரவரியில், நூலகத்தின் அந்தத் திரையில், இரண்டாம் கேள்விக்கு 'ஆம்' என்று அழுத்தியவனும் நான்தான்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
பிளேனோ, டெக்சாஸ்